குச்சி எண்ணுன கதை

ஏப்பா பேராண்டி, ராத்திரி ரெண்டு மணிக்குத் திண்ணையில ஒக்காந்து போனைப் பார்த்து வஞ்சுக்கிட்டு இருந்தியே, யாரை? கடன்காரனையாக்கும்னு நெனச்சேன். கேட்டா கிரிக்கெட்டு கேமாம். ஒன் பவுலரை ‘நெர்ஃப்’ பண்ணிட்டானாம். என் காதுல நரம்புன்னுதான் விழுந்துச்சு. அடப்பாவமே, போனுக்குள்ள இருக்கவனுக்கும் நரம்புத் தளர்ச்சியான்னு பயந்துட்டேன்.

பெறகு நீயே வெளக்குன. நேத்து வரைக்கும் அவன் யார்க்கர் போட்டா ஸ்டம்பு பறந்துச்சு. கம்பெனிக்காரன் ராவோட ராவா ஒரு பேட்ச் விட்டான். இன்னைக்கு அதே பந்தை எதிராளி கொட்டாவி விட்டுக்கிட்டே சிக்ஸ் தூக்குறான். என்னத்தய்யா மாத்துனன்னு கேட்டா, ‘விளையாட்டு அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது’ன்னு ஒத்த வரி. யாருக்கு மேம்பட்டுச்சு? ஒனக்கா, எதிராளிக்கா, கம்பெனி கல்லாவுக்கா?

பேட்ச்னா ஒட்டுத்தானே? நம்ம சைக்கிள் கடைக்காரனைப் பாரு. டியூபைத் தண்ணியில முக்கி, முட்டை விடுற எடத்தை நம்ம கண்ணுல காட்டிட்டுத்தான் ஒட்டுப் போடுவான். அவன் எந்தக் காலேஜுல படிச்சான்?

மாத்துனது தப்புன்னு நான் சொல்லல, கேட்டியா. பட்டாசுக் கலவை தெரிஞ்ச சிவகாசிக்காரன் நான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள். அளவு தப்புனா ஒண்ணு புஸ்ஸுன்னு போகும், இல்லாட்டி ஆளைத் தூக்கும். ஒங்க கேமுலயும் அதே கதைதான். பத்துப் பேர்ல ஒம்பது பேரு அந்த ஒரே பவுலரை வச்சிருந்தீகளாம். அதுக்குப் பேரு மெட்டாவாம். எங்க காலத்துல ஆட்டு மந்தைன்னு சொல்லுவோம். எல்லாக் கடையிலயும் ஒரே வெடிதான் விக்குதுன்னா, சங்குசக்கரம் செஞ்சவன் எங்க போவான்? கொஞ்சம் கூட்டிக் குறைக்கத்தான் வேணும். யாரு வேண்டாம்னா? ஆனா சொல்லிட்டு மாத்தணும்.

நாங்க வத்துன கம்மாய்க்குள்ள ஆடுனோம். பேட்டு மொதலாளி மகனோடது. அவன் ரெண்டு தடவை அவுட்டானாத்தான் அவுட்டு. அநியாயந்தான். ஆனா டாஸ் போடுறதுக்கு முன்னாலயே சொல்லிருவான். கருவேல முள்ளுக்குள்ள அடிச்சா அவுட்டு, பந்தையும் அடிச்சவனே எடுக்கணும். தொழுவத்துல விழுந்தா ரெண்டு ரன்னு, மாடு மெரண்டா ஆட்டம் முடிஞ்சுச்சு. எல்லா விதியும் எல்லாப் பயலுக்கும் தெரியும். நடு ஓவர்ல எவனாச்சும் புது விதி கொண்டாந்தான்னா, ஸ்டம்பைப் பிடுங்கிக்கிட்டு நான் வீட்டுக்குப் போயிருவேன். ஸ்டம்பு எங்க வீட்டு வெறகு.

லண்டன்ல கோட்டுப் போட்டவுகளும் முன்னாலயே சொல்லிட்டுத்தான் விதியை மாத்துனாக. பேட்டு வரவர அம்மிக்கல்லு மாதிரி ஆயிப்போச்சு, ஓரத்துல பட்டாலே சிக்ஸ். கிரிக்கெட்டு விதி எழுதுற எம்.சி.சி. என்ன செஞ்சது? பேட்டோட கனம் 67 மில்லிமீட்டர், ஓரம் 40 மில்லிமீட்டர், அதுக்கு மேல ஆகாதுன்னு 2017 மார்ச்சுலயே சொல்லிருச்சு. அமலுக்கு வந்தது அக்டோபர் 1. செதுக்குறவனுக்கு நேரம் வேணும்ல?

லண்டன் எதுக்கு, அடுப்படியில கெடக்க தீப்பெட்டியை எடு. 14 வருசமா ஒரு ரூவாயா இருந்துச்சு. 2021 அக்டோபர்ல சிவகாசியில தீப்பெட்டிச் சங்கத்துக்காரங்க கூடிப் பேசுனாங்க. பாஸ்பரஸ் வெலை ஏறிருச்சு, மெழுகு ஏறிருச்சு, அட்டை ஏறிருச்சு. அதனால டிசம்பர் 1-லருந்து பெட்டி ரெண்டு ரூவா, உள்ள 36 குச்சிக்குப் பதிலா 50 குச்சி. அம்புட்டுத்தான் சேதி. எதுக்கு, எப்பருந்து, எத்தனை, மூணுக்கும் பதில் இருக்கா? இதுல எங்கயாச்சும் ‘பற்றவைக்கும் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது’ன்னு எழுதியிருக்கா?

ஒங்க அப்பத்தா அதுக்கும் வஞ்சா. சும்மா வையல, கணக்குப் போட்டு வஞ்சா. “ஒரு ரூவாய்க்கு 36-ன்னா ரெண்டு ரூவாய்க்கு 72 வரணும். 22 குச்சி எங்கடா?”ன்னா. கடைக்காரன் கம்முனு நின்னான். பார்த்தியா? அவுக நம்பரைச் சொன்னாக, இவ நம்பரை வச்சு வஞ்சா. ஒனக்கு நம்பரே சொல்லல. நீ காத்தை வஞ்சுக்கிட்டு இருக்க.

அதுலயும் நீ அந்தப் பவுலரைக் காசு குடுத்து வாங்கியிருக்க. வித்துப்புட்டுக் குறைச்சா அதுக்கு என்னடா பேரு? 50 குச்சின்னு வித்த பெட்டியைத் தேடி ராத்திரி வீட்டுக்குள்ள வந்து 14 குச்சியை உருவிட்டுப் போனா, அப்பத்தா சும்மா விடுவாளா? வெளக்குமாறு பறந்திருக்கும்.

பேரு வைக்கிறதுல நம்ம தொழிலும் லேசுப்பட்டதில்ல, அதையும் சொல்லிருறேன். 2018 அக்டோபர் 23-ல உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. வாணத்துல பச்சை நெறம் தர்றதே பேரியந்தான். அதை எடுத்துட்டு மிச்சத்துக்குப் பேரு பசுமைப் பட்டாசு! தீபாவளிக்குச் சரியா ரெண்டு வாரம். குடோன் நெறையச் சரக்கு. அன்னைக்கு எங்க மூஞ்சியும் ஒன் மூஞ்சி மாதிரிதான் இருந்துச்சு. என்ன, எங்களுக்குக் கூலி போச்சு. ஒனக்குக் கோப்பை போச்சு.

நம்ம ஊரைக் குட்டி ஜப்பான்னு சொல்லுவாக. பெரிய ஜப்பான்ல கொனாமின்னு ஒரு கம்பெனி. 2021 செப்டம்பர் 30-ல ‘ஈஃபுட்பால் 2022’ன்னு ஒரு கேமை வேகாத சோறா எறக்கி வச்சான். ஆட்டக்காரன் மூஞ்சியெல்லாம் மழையில நனைஞ்ச களிமண் பொம்மை. ஒலகமே சிரிச்சுச்சு. ஒடனே மன்னிப்புக் கேட்டான். சரி பண்ணுன 1.0 வந்தது மறு வருசம் ஏப்ரல்ல. நமத்த வெடிதான், ஆனா நமத்துப் போச்சுன்னு ஒத்துக்கிட்டான்ல?

இப்ப ஒன் பக்கம் வாரேன், நெளியாத. தோத்தவன் எவனைக் கேட்டாலும் கேமே என்னைத் தோக்கடிக்குதுங்கிறான். 2020 நவம்பர்ல கலிபோர்னியாவுல மூணு பேரு இதையே கேஸாப் போட்டாக. ஃபிஃபா கேமுக்குள்ள இ.ஏ. கம்பெனி கஷ்டத்தைக் கூட்டிக் குறைக்கிற சூட்சுமம் வச்சிருக்கு, காசு புடுங்கத்தான் அதுன்னு. கம்பெனி இல்லன்னுச்சு. வெவரத்தைக் குடுத்து, எஞ்சினியர்களோட பேசவும் விட்டுச்சு. அடுத்த வருச ஆரம்பத்துலயே கேஸு வாபஸ். அந்தப் பேச்சை மொதல்லயே பேசியிருந்தா வக்கீல் பீசு மிச்சம்.

இன்னொண்ணு கேக்குறேன். போன மாசம் ஒன் பவுலருக்கு வேகத்தைக் கூட்டுனானே, அப்பவும் ஏன் கூட்டுனன்னு ஒரு வரி சொல்லலையே? அன்னைக்கு எந்த முச்சந்தியில நின்னு நியாயம் கேட்ட? நாலு கோப்பை ஜெயிச்சு, சாத்தூர் சேவு வாங்கித் தின்னுக்கிட்டு இருந்த.

சரி, கம்பெனிக்கு எழுதப் போறியா? எழுது. ‘கேம் செத்துப் போச்சு’ன்னு ஒப்பாரி வைக்காத. எந்தத் தேதியில மாத்துன, எத்தனை குறைச்ச, எதுக்குக் குறைச்ச, காசு குடுத்து வாங்குனவனுக்கு என்ன வழி? நாலே கேள்வி. பதில் வந்தா எனக்கும் வாசிச்சுக் காட்டு.

எழுந்திரி. அந்தத் தீப்பெட்டியைக் குடு. போன வாரம் புதுப் பெட்டி ஒண்ணைப் பிரிச்சு நான் எண்ணுனேன். 48 இருந்துச்சு. மிச்சம் ரெண்டை ஒங்க அப்பத்தாகிட்டத்தான் கேக்கணும். நான் கேக்க மாட்டேன்ப்பா, நீ கேளு.