சராசரியில் பெஞ்சு போட முடியாது, மாப்ளே

பள்ளி மேலாண்மைக் குழுவுல உன்னைச் சேர்த்துட்டாங்களாமே மாப்ளே? சந்தோசம். ஒரகடத்துல நைட் ஷிப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ஸுல தூங்கி வழிஞ்சு மறைமலை நகர்ல இறங்குறவனுக்கு இதுவும் ஒரு பதவிதான். மாமன் நான் ரெண்டு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க. கூட்டத்துக்குப் போனா டீ குடுப்பாங்க, குடி. பிஸ்கோத்து குடுப்பாங்க, ஒண்ணைத் தின்னுட்டு இன்னொண்ணைப் புள்ளைக்குப் பாக்கெட்டுல போட்டுக்க. தீர்மான நோட்டை நீட்டுவாங்க, படிக்காம கையெழுத்துப் போடு. "நல்ல பெத்தவரு, தொந்தரவு இல்லாத மனுசன்"னு பேரு வரும். "மூணாங்கிளாஸ்ல எத்தன புள்ளைங்க, எத்தன வாத்தியாரு?"ன்னு மட்டும் வாயைத் தொறந்துடாத. அந்தக் கேள்வியைக் கேட்டவன் அப்புறம் நிம்மதியா டீ குடிச்சதில்ல.

கிளாஸ்ல கூட்டம் நெரியுதுன்னு உன் பொண்டாட்டி பொலம்புதாம். கூட்டத்துல எவ்வளவு நன்மை இருக்குதுன்னு அதுக்குத் தெரியல. மார்கழியில குளிர் அண்டாது. பின்னாடி உக்கார்ற பையனுக்கு டீச்சர் மூஞ்சி தெரியாது, டீச்சருக்கு அவன் பேரு தெரியாது, அதனால ரெண்டு பேருக்கும் சண்டையே வராது. வீட்டுப்பாட நோட்டுல தப்பெல்லாம் சரியாயிடும், ஏன்னா அத்தனை நோட்டையும் வரிவரியா பார்க்க எந்த மனுசிக்கும் கை இல்ல. இன்னொரு லாபம் கேளு. இந்தி வேணும், வேணாம்னு டெல்லியும் சென்னையும் மல்லுக்கட்டுறாங்க. இங்க ஒரே பெஞ்சுல தமிழ் பேசுற புள்ள, பக்கத்துல ஒடியா பேசுற புள்ள, அதுக்கு அந்தாண்ட பீகார்லேர்ந்து வந்த புள்ள. மொழிக்குப் பஞ்சமே இல்ல. சொல்லிக் குடுக்கத்தான் ஆள் பத்தல.

இந்தக் கூட்டம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறியா? மறைமலையடிகள் பேரை வச்சு, சென்னை நெரிசலைக் குறைக்கத் துணை நகரமாத் திட்டம் போட்ட ஊரு இது. 90கள்ல ஃபோர்டு வந்துச்சு. 2010ல ஒரகடத்துல ரெனோ-நிசான் தொறந்துச்சு. அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கம்பெனி மேல கம்பெனி. லாரிக்கு ரோடு எத்தனை வழின்னு கணக்குப் போட்டாங்க, மிஷினுக்குக் கரண்டு எவ்வளவுன்னு கணக்குப் போட்டாங்க. வேலைக்கு வர்றவன் கல்யாணம் பண்ணுவான், புள்ளை பெத்துக்குவான், அது அஞ்சு வயசுல பள்ளிக்கூடம் போவும்னு மட்டும் யாரும் நெனைக்கல போல.

அதோட சர்க்காரே புள்ளைங்களைக் கூவிக் கூவிக் கூப்புட்டுது. அதுல ஒரு குத்தமும் இல்ல. 2020ல அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத இடம் ஒதுக்குனாங்க. 2021ல கொரோனாவுல கையில காசில்லாத குடும்பங்க தனியார்ப் பள்ளியை விட்டு லட்சக்கணக்குல இந்தப் பக்கம் வந்துச்சு. 2022ல காலைச் சிற்றுண்டி தொடங்குச்சு, அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1,000 ரூபான்னு புதுமைப் பெண் திட்டமும் வந்துச்சு. எல்லாம் நல்ல காரியம், கையெடுத்துக் கும்புடுறேன். புள்ளைங்களைக் கூப்புட அத்தனை திட்டம் போட்டவங்க, வந்த புள்ளைங்க முன்னாடி நிக்கறதுக்கு ஒரு ஆளைப் போட மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறாங்கன்னுதான் புரியல.

காசு இல்லைன்னு சொல்லுவாங்க. அது பாதி நெசம். சமக்ர சிக்‌ஷான்னு ஒரு திட்டம். அதுல பள்ளிச் செலவுக்கு மத்திய அரசு நூத்துக்கு 60, மாநிலம் 40. 2024-25க்கு நம்ம பங்குக்கு வரவேண்டிய 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வச்சுது. ஏன்? பி.எம்.ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடு, புதுக் கல்விக் கொள்கையை முழுசா ஏத்துக்கன்னாங்க. நம்மாளுங்க மாட்டேன்னுட்டாங்க. ஒரு திட்டத்துல கையெழுத்து இல்லைன்னு இன்னொரு திட்டத்துக் காசை நிறுத்துறது நியாயம் இல்லைன்னு நாடாளுமன்ற நிலைக்குழுவே 2025 மார்ச்சுல எழுதிக் குடுத்துச்சு. அந்த வருசம் மே மாசம் தமிழ்நாடு வட்டியோட சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டுது. காசு வராததால இடையில ஏழைப் புள்ளைங்களுக்குத் தனியார்ப் பள்ளியில சட்டப்படி குடுக்குற 25 சதவீத இடத்துக்குச் சேர்க்கையும் நின்னுபோச்சு. அக்டோபர்ல டெல்லி கொஞ்சம் முடிச்சை அவுத்தப்புறம்தான் அது நடந்துச்சு. ஜூன்ல தொறக்குற பள்ளிக்கு அக்டோபர்ல சேர்க்கை! இவங்க தீவாளிக்குப் பொங்கல் கொண்டாடுற ஆளுங்க மாப்ளே.

நீ கேட்டா "டெல்லிக்காரன் தரல"ம்பாங்க. அப்படியே நம்பிட்டு வந்துடாத. நம்ம சிங்கப்பெருமாள் கோயில் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெத்தியில மூணாவது கண்ணு உண்டு. அர்ச்சகரு நாமத்தைத் தூக்கித் தீபம் காட்டுனாத்தான் அது தெரியும். பட்ஜெட்டும் அப்படித்தான், நமக்குப் போட்டிருக்குற நாமத்தைத் தூக்கிப் பார்க்கணும். மாநில பட்ஜெட்டுல 2024-25ல பள்ளிக் கல்விக்கு 44,042 கோடி, 2025-26ல 46,767 கோடி. மேலோட்டமாப் பார்த்தா ஏறிக்கினுதான் இருக்குது. தூக்கிப் பார்த்தா என்னா தெரியுது? 2022ல காலிப் பணியிடம் 13,331ஐத் தற்காலிகமா நிரப்பச் சொன்னாங்க. இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500 ரூபா, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. ஒரகடத்துல காண்ட்ராக்டுல நிக்கிற பையனுக்கு அதைவிடக் கூடக் கிடைக்குது. ஆளைப் போடுற வேலையும் யார் தலையில? உன் மேலாண்மைக் குழு தலையில! அப்புறம் தொகையைக் கொஞ்சம் ஏத்துனாங்க, "தற்காலிகம்"ங்கிற பேரை மட்டும் மாத்தல. 2012ல ஓவியம், விளையாட்டு, கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்க 16,549 பகுதிநேர ஆசிரியருங்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க. தலைமுடி நரைச்சும் அவங்க இன்னும் "பகுதிநேரம்"தான். நம்ம ஊர்ல தற்காலிகமா வந்து நெரந்தரமாத் தங்குறது ரெண்டு: ஒண்ணு டோல்கேட்டு, இன்னொண்ணு தொகுப்பூதியம்.

இப்ப முக்கியமான வித்தைக்கு வர்றேன், அது பேரு சராசரி. "எங்க ஒன்றியத்துல 22 புள்ளைக்கு ஒரு ஆசிரியர், சட்டம் கேக்குறது 30தான்"னு அதிகாரி சிரிச்சுக்கினே சொல்லுவாரு. பொய்யே கிடையாது. ஒரு பேச்சுக்கு வச்சுக்க. அஞ்சு கிராமத்துப் பள்ளிக்கூடம், ஒவ்வொண்ணுலயும் 12 புள்ளைங்க, ரெண்டு வாத்தியாருங்க. ஆக 60 புள்ளை, 10 வாத்தியாரு. கம்பெனிக்காரங்க குடியிருக்குற பக்கம் ஒரு பள்ளி, 300 புள்ளை, ஆறே வாத்தியாரு. ஆளுக்கு 50. எல்லாத்தையும் சேத்துக் கூட்டு: 360 புள்ளை, 16 வாத்தியாரு. வகுத்தா இருபத்திரண்டரை. காகிதத்துல எல்லாப் புள்ளையும் காலை நீட்டி உக்காந்திருக்குது. நெசத்துல 300 புள்ளைங்க இடிச்சுக்கினு உக்காந்திருக்குது. சராசரியில பெஞ்சு போட்டு யாரையும் உக்கார வைக்க முடியாது மாப்ளே.

"சரி மாமா, கிராமத்துல இருக்குற அந்த ரெண்டாவது வாத்தியாரைத் தூக்கி இங்க போட்டா?"ன்னு கேப்ப. பலே, அதிகாரி ஆக எல்லாத் தகுதியும் உனக்கு இருக்குது. அவங்களும் அதைத்தான் பண்றாங்க. வருசா வருசம் ஆகஸ்டு 1ந்தேதி தலையை எண்ணி, "உபரி"ன்னு ஒரு பேரு வச்சு, பணி நிரவல்னு இன்னொரு பேரு வச்சு மாத்துவாங்க. அஞ்சு வகுப்பை ஒத்தை ஆளு பார்க்குற பள்ளிக்கூடத்துல எந்தப் பெத்தவன் புள்ளையை விடுவான்? வாசலுக்கு வர்ற தனியார் வேன்ல ஏத்திடுவான். அடுத்த வருசம் அந்தப் பள்ளி காலி. 2019ல அப்படிப் புள்ளை இல்லாமப் போன 46 பள்ளிங்களை நூலகமா மாத்துனாங்க. படிக்கச் சொல்லிக் குடுக்குற எடத்தை மூடிட்டு, படிக்கிற எடத்தைத் தொறந்தாங்க. உபரின்னு ஒரு வாத்தியாரு கிராமத்துலயும் இல்ல, கம்பெனிப் பக்கமும் இல்ல. இந்தப் பக்கம் இருக்குற பள்ளத்தை ரொப்ப அந்தப் பக்கம் தோண்டக் கூடாது. புதுசா ஆளை எடுக்கணும்.

அதுக்குக் காசு குடுக்கக் கம்பெனிக்காரங்க இருக்காங்களேன்னு ஒருத்தர் கூட்டத்துல எழுந்திருப்பாரு. இருக்காங்க. 2022 டிசம்பர்ல "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி"ன்னு திட்டமே வந்துச்சு. கேட்டா சுவருக்குப் பெயிண்டு அடிப்பாங்க, கக்கூஸ் கட்டுவாங்க, டிவி மாட்டுவாங்க. வாங்கிக்க, வேணாம்னு சொல்லாத. ஆனா வாத்தியாரு சம்பளத்தை முப்பது வருசம் மாசாமாசம் குடுக்குற கம்பெனி ஒண்ணு காட்டு. கம்பெனியே முப்பது வருசம் நிக்குமான்னு தெரியாத ஊரு இது. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2014ல கதவைச் சாத்துச்சு. இங்க ஃபோர்டு 2022ல காரு செய்யறதை நிறுத்துச்சு. நம்ம காஞ்சிபுரத்துப் பக்கம் நெய்யாடுபாக்கத்துல பொறந்த நெ.து. சுந்தரவடிவேலு, காமராசர் காலத்துல கல்வி இயக்குநரா இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்துனாரு. ஊரு சனங்க பெஞ்சு, நாற்காலி, மணி, கடிகாரம்னு அள்ளிக் குடுத்தாங்க. ஆனா வாத்தியாரைப் போட்டது அரசாங்கம். அந்தப் பிரிவினை அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

இவ்வளவு கேலி பண்ணியாச்சு, இனி நெசத்தைச் சொல்றேன். டீயைக் குடி, ஆனா நோட்டைப் படிக்காம கையெழுத்துப் போடாத. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1லேர்ந்து நடப்புல இருக்குது, ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும். அதோட அட்டவணைப்படி ஒண்ணாவது-அஞ்சாவதுக்கு 60 புள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர், 90 வரைக்கும் மூணு, 120 வரைக்கும் நாலு, 200 வரைக்கும் அஞ்சு. 200ஐத் தாண்டுனா தலைமையாசிரியரைச் சேக்காம 40க்கு ஒருத்தருக்குக் குறையக் கூடாது. ஆறாவது-எட்டாவதுக்கு 35க்கு ஒருத்தர். 25ஆம் பிரிவு இந்தக் கணக்கை "ஒவ்வொரு பள்ளியிலும்" காக்கச் சொல்லுது, ஒன்றியச் சராசரியில இல்ல. 26ஆம் பிரிவு காலியிடம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்குது. 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேற வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாதுங்குது.

எல்லாத்தையும்விடப் பெருசு 22ஆம் பிரிவு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுறது மேலாண்மைக் குழுவோட வேலை, அதாவது உன் வேலை. அரசாங்கம் குடுக்குற நிதிக்கு அந்தத் திட்டம்தான் அடிப்படையா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. வகுப்பு வகுப்பா நடந்து போய் நீயே தலையை எண்ணு. வருகைப் பதிவேட்டையும் பாரு, அறையையும் பாரு. நெரந்தர ஆசிரியர் எத்தனை, தற்காலிகம் எத்தனை, கம்ப்யூட்டர்ல விவரம் ஏத்துறதுலயே அவங்களுக்குப் போற நேரம் எவ்வளவுன்னு கேளு. ஒவ்வொண்ணையும் எண்ணிக்கையோட தீர்மானமா எழுதி, தேதி போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, வாங்கிக்கிட்டதுக்கு ரசீது வாங்கு. அடுத்த கூட்டத்துல மொத வேலையா "போன தீர்மானம் என்னாச்சு?"ன்னு கேளு. வாயால சொன்ன குறை டீக்கப்போட போயிடும். ரசீது வாங்குன தீர்மானத்துக்கு ஒரு நாள் யாராவது பதில் எழுதியே ஆகணும், டெல்லியானாலும் சரி, சென்னையானாலும் சரி.