மேற்கோள் தேடலும் செருகலும்: ஓர் ஆய்வு

ஆய்வு முன்னுரை

ஆய்வேடு எழுதுவோர் இரு வகையினர். எழுதி முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் துணைநூற்பட்டியலைக் கையால் தட்டுபவர் ஒரு வகை. துணைநூற்பட்டியல் தானாகவே வந்து விழும்படி எடிட்டரை அமைத்துக்கொண்டிருப்பதால் முதல் இயலையே இன்னும் தொடங்காதவர் மறு வகை. முதல் வகையினரைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. அவர்கள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், பிள்ளைகுட்டியோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். இக்கட்டுரை இரண்டாம் வகையினரைப் பற்றியது.

ஆய்வுக் களமாக ஈமாக்ஸ் கொள்ளப்பட்டது. 1976இல் பிறந்த இந்த எடிட்டரில் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, எழுத்துருப் பட்டியல் என்று எந்த மினுக்கும் கிடையாது. வெறும் எழுத்து மட்டும். மற்றதையெல்லாம் லிஸ்ப் மொழியில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். விம் என்ற போட்டி எடிட்டரைப் பயன்படுத்துவோரிடமும் இதே அறிகுறிகள் காணப்படுகின்றன. ஆனால் அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்த எடிட்டர் உயர்ந்தது என்று ஆய்வு திசைமாறிவிடும் என்பதால் எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை.

கருதுகோள்

மேற்கோளைச் செருகுவதற்கான ஏற்பாடு, அந்த மேற்கோள் நிற்க வேண்டிய வாக்கியத்தைவிட வயதில் மூத்தது. பெரும்பாலும் ஆயுளும் அதற்கே அதிகம்.

ஆய்வுச் சிக்கல்

ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ் ஆய்வேடுகளில் அடிக்குறிப்புக்கு ஒரு தொன்மையான தொழில்நுட்பம் உண்டு: 'மேலது, ப. 45'. முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று பொருள். சிக்கனமானது, அழகானது, எந்த மென்பொருளும் வேண்டாதது. நெறியாளர் மூன்றாம் இயலைப் படித்துவிட்டு, "இங்க வையாபுரிப் பிள்ளையையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று விரல் வைக்கும் வரையில்தான் இதன் ஆட்சி. சொன்ன இடத்தில் ஒரு புதுக் குறிப்பு நுழைந்ததும், அதற்கு அடுத்த 'மேலது' சத்தமில்லாமல் வையாபுரிப் பிள்ளையின் நூலுக்குத் தாவிவிடுகிறது. அதைப் பின்பற்றி வரும் 'மேலது'களும் வரிசையாக அவர் பின்னாலேயே போய்விடுகின்றன. இவ்வாறு தாம் எழுதாத கருத்துகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அறிஞர்கள் தமிழ்த்துறை நூலகங்களின் அலமாரிகளில் நிறைய இருக்கக்கூடும்.

இதற்குக் கண்ட மருந்து எளிமையானது. நூல்களின் விவரமெல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு @ குறி, இன்ன வகை என்ற சொல், ஒரு சுருக்கப் பெயர், பிறகு ஆசிரியர், தலைப்பு, ஆண்டு. கட்டுரைக்குள் எழுதுவது சுருக்கப் பெயரை மட்டும். அடிக்குறிப்பா, அடைப்புக்குறியா, எண்ணா, 'மேலது'வா என்பதைக் கடைசியில் கணினி முடிவு செய்யும். வேறொரு பல்கலைக்கழகம் வேறொரு பாணி கேட்டால் ஒரு வரியை மாற்றினால் போதும். பாணிகளுக்குப் பஞ்சமில்லை, சி.எஸ்.எல். என்ற பொதுக் களஞ்சியத்தில் மட்டும் 10,000க்கு மேல் இருக்கின்றன. மனித இனம் காற்புள்ளியை எங்கே வைப்பது என்பதில் இத்தனை விதமாகப் பிளவுபட்டிருப்பது தனி ஆய்வுக்குரியது.

முன்னோடிகள்

இந்தத் துறையின் ஆதி புருஷர் டொனால்ட் நூத். 1977இல் தம்முடைய 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கு அச்சகத்தார் அனுப்பிய படிகளைப் பார்த்தார். எழுத்துகள் சகிக்கவில்லை. சரி, அச்சுக்கோக்க நாமே ஒரு நிரல் எழுதிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பலாம் என்று நினைத்தார். 1978இல் வேலை முடிந்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. டெக் என்று பெயர் பெற்ற அந்த நிரல் இனி மாறாது என்று நிலைநிறுத்தப்பட்டது 1989இல். மூன்றாம் தொகுதி வெளிவந்தது 1973. நான்காம் தொகுதியின் முதல் பாகம் நூலானது 2011. இடைவெளிக்கு முழுக் காரணமும் டெக்தான் என்பது அபாண்டம். ஆனாலும் நமது கருதுகோளுக்கு இதைவிடக் கனமான சான்று கிடைக்காது.

நூல் விவரங்களைத் தனிக்கோப்பில் வைத்து @ குறி இடும் வழக்கம் பிரையன் ரீட் எழுதிய ஸ்கிரைப் என்ற மென்பொருளிலிருந்து வந்தது. அதைப் பார்த்து, டெக்கின் மேல் கட்டிய லேடெக்குக்காக ஓரன் பட்டாஷ்னிக் பிப்டெக்கை எழுதினார், 1985இல். 1988இல் அது 0.99ஆம் பதிப்பை எட்டியது. 2010இல் ஒரு சிறு திருத்தம் வந்தது; அப்போதும் 0.99தான். 1.0 வெளிவரவே இல்லை. இவ்வளவு தன்னடக்கமான மென்பொருளை இக்கட்டுரையாளர் வேறெங்கும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஈமாக்ஸில் மேற்கோள் தேடிச் செருகும் ரெஃப்டெக்கை எழுதிய கார்ஸ்டன் டொமினிக் ஒரு வானியலாளர். ஈமாக்ஸுக்குள்ளேயே குறிப்பும் கட்டுரையும் எழுத உதவும் ஆர்க் மோடைத் தொடங்கியவரும் அவரே. கோப்பு வகைகளை மாற்றித் தரும் பாண்டாக்கை 2006இல் வெளியிட்ட ஜான் மக்ஃபார்லேன் பெர்க்லியில் மெய்யியல் பேராசிரியர். சி.எஸ்.எல்.லையும் பின்னாளில் ஈமாக்ஸுக்கு சிட்டார் என்ற தொகுப்பையும் கொடுத்த புரூஸ் டி'ஆர்கஸ் புவியியலாளர். நூல் விவரங்களைச் சேர்த்துவைக்கும் சொட்டேரோவை அதே 2006இல் வெளியிட்டது ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம். வானத்தையும் பூமியையும் அவற்றுக்கிடையே உள்ள மெய்ப்பொருளையும் ஆராயப் போனவர்கள் எல்லாரும் கடைசியில் அடிக்குறிப்பு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமைப்பியல்

ஆர்க் மோடின் 9.5ஆம் பதிப்பு (2021) மேற்கோளை நான்கு அதிகாரிகளிடம் பிரித்துக் கொடுத்தது. கட்டுரைக்குள் மேற்கோளை வண்ணமிட்டுக் காட்டுபவர் ஒருவர்; அதைச் சொடுக்கினால் நூலைத் திறப்பவர் ஒருவர்; புதிதாகச் செருகுபவர் ஒருவர்; அச்சுக்குப் போகும்போது உருமாற்றுபவர் ஒருவர். நால்வருக்கும் தனித்தனி நியமன ஆணை எழுத வேண்டும். செருகுபவராக சிட்டாரை நியமித்துவிட்டுத் திறப்பவரை நியமிக்க மறந்தால், சொடுக்கும்போது ஒன்று நடக்கும், நாம் கேட்டது நடக்காது. நூற்கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் ஆர்க் மோடிடம் ஒருமுறை, சிட்டாரிடம் ஒருமுறை சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் பழகியவர்களுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை.

ஆணைகள் சரியாக இருந்தால் பயன் உடனே தெரியும். கன்ட்ரோலோடு சி, கன்ட்ரோலோடு எக்ஸ், பிறகு @. திரையின் அடியில் நூல்களெல்லாம் வரிசைகட்டி நிற்கும். 'சிந்தா 87' என்று தட்டினாலும் '87 சிந்தா' என்று தட்டினாலும் சீவக சிந்தாமணியின் 1887ஆம் ஆண்டுப் பதிப்பு மேலே வரும். என்டர் தட்டினால் வாக்கியத்தில் போய் உட்காரும். பிடிஎஃப் கைவசம் உள்ள நூலுக்கு ஒரு சின்னம், குறிப்பு எழுதிய நூலுக்கு இன்னொன்று, இணைப்பு உள்ளதற்கு வேறொன்று. இந்தச் சின்னங்களின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கல்வி ஆண்டின் இரண்டாம் பருவம் செலவாவது இயல்பு.

ஆணைகளில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் ஈமாக்ஸ் மறுநாள் திறக்கும்போது, படித்துக்கொண்டே வந்தேன், கோப்பு திடீரென முடிந்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரி சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். எந்த அடைப்பு என்று சொல்லாது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஆணைகள் ஒரு நாள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் கோப்பிலிருந்து தொடங்குவதற்கு அந்த வட்டாரத்தில் 'ஈமாக்ஸ் திவால்' என்று பெயர். திவாலானவர்கள் முன்னிலும் உற்சாகமாக இருப்பதாகத் தெரிகிறது.

பெயரியல்

நமக்கே உரிய சிக்கல்கள் இனிமேல்தான். ஆசிரியர் பெயரைக் காற்புள்ளி இல்லாமல் கொடுத்தால் பிப்டெக் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். 1887ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தார்கள். 'சாமிநாத ஐயர்' என்று இடம் விட்டு எழுதிய ஆய்வாளரின் கட்டுரையில் இவை 'ஐயர் (1887)' எனவும் 'பிள்ளை (1887)' எனவும் அச்சாகும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் பிள்ளை, வையாபுரிப் பிள்ளையும் பிள்ளை. தமிழ்ப் பதிப்பு வரலாறே பிள்ளைகளுக்கும் ஐயர்களுக்கும் இடையே நடந்த ஒரு கடிதப் போக்குவரத்தைப் போலக் காட்சியளிக்கும். பெயரைச் சுற்றி நெளிவு அடைப்பு போட்டால் சரியாகிவிடும். இதைச் சொல்லித் தருவார் யாருமில்லை.

இரண்டு ஆசிரியர் இருந்தால் நடுவில் ஆங்கில 'ஆண்ட்' போட வேண்டும். பெயர்கள் செந்தமிழாக இருந்தாலும் சரி. 'மற்றும்' என்று போட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

சிந்தாமணிக்கு இன்னொரு தொல்லை. நூலை இயற்றியவர் திருத்தக்கதேவர், உரை நச்சினார்க்கினியர், பதிப்பு சாமிநாதையர். பிப்டெக்கின் 14 வகைகளில் எதிலும் உரையாசிரியருக்கு நாற்காலி இல்லை. பின்னால் வந்த பிப்லேடெக்கில் உரையாசிரியருக்கெனத் தனிப் புலம் இருக்கிறது. ஜெர்மன் பதிப்பாசிரியர்களையும் லத்தீன் உரைகளையும் மனத்தில் வைத்துச் செய்திருப்பார்கள். நச்சினார்க்கினியர் சத்தமில்லாமல் வந்து அமர்ந்துகொண்டார்.

நச்சினார்க்கினியரின் மேற்கோள் முறையையும் இங்கே குறிக்க வேண்டும். அவர் பிற நூல் வரிகளைத் தாராளமாகக் காட்டுவார். எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். இன்றைய திறனாய்வாளர் அந்த ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று சுவடி சுவடியாகத் தேடிய வழியில்தான் சாமிநாதையர் சங்க நூல்களுக்குள் ஆழமாக இறங்கினார். நச்சினார்க்கினியர் ஒவ்வொரு வரிக்கும் @ குறி போட்டிருந்தால் நமக்கு என்னென்ன கிடைக்காமல் போயிருக்கும் என்பதை நிறுவ முடியாது என்பதால் இக்கருத்து இங்கேயே கைவிடப்படுகிறது.

தேடலியல்

திரையில் 'தொல்காப்பியம்' என்று இருக்கிறது. ஆய்வாளர் 'தொல்' என்று தட்டுகிறார். பொருத்தம் இல்லை என்கிறது எடிட்டர். கண்ணெதிரே இருக்கும் நூலை இல்லை என்கிறதே என்று ஆணைக்கோப்பை மீண்டும் புரட்டுகிறார். ஆணையில் குற்றமில்லை. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியும் சொல்கிறது. எடிட்டரின் சாதாரணத் தேடலோ குறியீட்டை எண்ணிப் பார்க்கும். வேறோர் இடத்திலிருந்து வெட்டி ஒட்டிய 'தொ'வும் விசைப்பலகையில் பிறந்த 'தொ'வும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதில்லை.

ஔவையார் நிலை இதனினும் பரிதாபம். ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரம் தட்டி 'ஒளவையார்' ஆக்கியவர்கள் எண்ணிறந்தோர். ஒரே நூற்கோப்பில் இரண்டு ஔவையார் இருப்பது, சங்க கால ஔவையாரும் ஆத்திசூடி ஔவையாரும் வேறுவேறு என்ற பழைய விவாதத்துக்கு எதிர்பாராத ஆதரவாக அமைந்துவிடுகிறது.

மேலாய்வுக் களங்கள்

இனிச் செய்ய வேண்டியவை பல. இங்கே ஒன்று மட்டும். எல்லா அமைப்பும் முடிந்து, ஆய்வேட்டையும் எழுதி முடித்த அரிய தகவலாளர் ஒருவர் கிடைத்தார். நான்கு அதிகாரிகளும் வேலை செய்தார்கள். நெளிவு அடைப்புகள் இருந்தன. பாண்டாக் வழியே வேர்டு கோப்பாகவும் மாற்றியிருந்தார். 'மேலது' ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருந்தது. நெறியாளர், வழக்கமாகக் கொடுக்கும் டி.டி.பி. கடையில் கொடுத்துவிடச் சொன்னார். கடைக்கார அக்கா பென்டிரைவைப் போட்டுப் பார்த்தார்.

"இது யூனிகோடு தம்பி. எங்ககிட்ட பாமினிதான். பிரின்ட் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க, பார்த்து அடிச்சுடறேன்."

பாமினி எழுத்துருவில் திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் ஓர் அரைப்புள்ளியும். அங்கே போய் எந்த நூலையும் யாரும் தேட முடியாது.

"அக்கா, இந்த அடிக்குறிப்பெல்லாம் தானா வர்ற மாதிரி பண்ணியிருக்கேன்."

"அதெல்லாம் நான் கடைசியில போட்டுக்கறேன். பைண்டிங் அஞ்சா ஆறா? ரெக்ஸின்ல பச்சைதான் இருக்கு."