பேராண்டி எழுதிய போர்ப்படம்

வாடா பேராண்டி, உக்காரு. போர்ப்படத்துக்குக் கதை எழுதியிருக்கேன், படிச்சுட்டுச் சொல்லு தாத்தான்னு கருவேப்பிலங்குறிச்சி கூட்டுரோட்டுல வச்சு நோட்டைக் கையில திணிச்சியே, படிச்சேன். கண்ணு கூசுது. உன் மேஜரு மூணு நாளு பனியில கெடக்குறான். சட்டை மட்டும் கஞ்சி போட்டாப்ல மொடமொடன்னு நிக்குது. பசி இல்ல, பயம் இல்ல, ஒண்ணுக்குப் போற வேலைகூட இல்ல. இப்படிப்பட்ட ஆளைப் பட்டாளத்துக்கு ஏன் அனுப்புற? கோயில் கட்டிக் கும்புட்டுடு.

துப்பாக்கியாவது ஒழுங்கா இருக்கான்னு பாத்தா, அதுவும் அவனுக்குத் தப்பாத சோடி. ஏகே 47 மேகசின்ல 30 தோட்டா. விசையை அமுக்கிப் புடிச்சா மூணே விநாடியில காலி. உன் ஆளு ஒரு பாட்டு முடியிற வரைக்கும் சுடுறான். மேகசின் மாத்துறப்ப அவன் வெரலு நடுங்குமே, அங்கதான்டா ஆளு யாருன்னு தெரியும். அதை வுட்டுட்டு கொடியைக் காட்டுற.

விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை செய்யிறதப் பாத்திருக்கல்ல? அச்சுல மண்ணுக்கூழை ஊத்தி எடுப்பாங்க. வெளியில வழுவழுன்னு பளபளப்பு, உள்ளார வெறுங்கூடு. உன் மேஜரு அந்த ரகம்.

குத்தமில்லாத ஈரோ நம்ம ஊருச் சரக்கே இல்லடா. திரௌபதி அம்மன் திருவிழாவுல படுகளம் பாத்திருக்கியா, இல்ல அன்னைக்கும் செல்போனா? மண்ணால செஞ்ச துரியோதனன் ஆள் நீளத்துக்கு மேல மல்லாந்து கெடப்பான். கதாயுத்தத்துல தொடையில அடிக்கக் கூடாது. பீமன் அங்கதான் அடிக்கிறான். தருமரோ அசுவத்தாமன் பேருல அரைப்பொய் சொன்னவரு. செயிச்சவன் கையில கறை, தோத்தவனுக்கு ஒப்பாரி. விடிய விடிய கண்ணு முழிச்சு சனம் பாக்குறது இதைத்தான்.

சினிமாவுலயும் பயப்படாம செஞ்சவங்க இருக்காங்க. 1954-ல எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' பாரு. 1943-ல ஜப்பான்காரன் சென்னையில குண்டு போட்ட சமயத்துக் கதை. எதிரிக்கு உளவு சொல்ற ரேடியோ இன்ஜினியர் யாரு? சிவாஜி! படம் தொடங்குறப்பவே குண்டடி பட்டுச் சாகுறாரு. பாட்டும் கெடையாது. மணிரத்னத்தோட 'காற்று வெளியிடை' 2017-ல வந்துச்சு. கார்கில் சண்டைக்குப் போற விமானி, காதலிக்கிற டாக்டர் பொண்ணைக் கேவலமா நடத்துறான். ஆகாயத்துல வீரன், தரையில அற்பன். பல பேருக்குப் புடிக்கல. எனக்கென்னமோ அந்த ஆளை எங்கயோ பாத்தாப்ல இருந்துச்சு.

அதே மாதிரி 'தீபன்', 2015-ல கேன்ஸ் பட விழாவுல தங்கப்பனை விருது வாங்குன பிரெஞ்சுப் படம். ஈழத்துப் போராளி ஒருத்தன் செத்தவன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டு, முன்னப்பின்ன தெரியாத பொம்பளையையும் புள்ளையையும் குடும்பம்னு சொல்லி பிரான்சு போறான். நடிச்சவரு ஷோபாசக்தி, சின்ன வயசுல இயக்கத்துல இருந்தவரு. அதனால அந்தக் கண்ணுல நடிப்பு கம்மி. கடைசியில மட்டும் டைரக்டருக்கு நம்ம ஊரு ஆசை வந்து, ஒத்த ஆளா எல்லாரையும் அடிக்க வுட்டுட்டாரு. பிரெஞ்சுக்காரனுக்கும் விசிலு கேக்குது போல!

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. 2024-ல வந்த 'அமரன்' மாதிரி, நெசமா உயிரைக் குடுத்த மேஜர் முகுந்த் வரதராஜன் கதைன்னா, இல்லாத குத்தத்தை அவரு மேல ஒட்டாத. அது பாவம். ஆனா உன் மேஜரு நீ பெத்த புள்ள. அவனைத் திட்ட உனக்கு உரிமை இருக்கு.

அதனால அவனை ஒரு தப்பு செய்ய வையி. ஊருக்கு வந்து ஆத்தாகிட்டச் சொல்ல முடியாத தப்பு. அதுக்கு அவன் வெலையும் குடுக்கணும், சும்மா தாடி வளர்த்தாப் பத்தாது. தயாரிப்பாளரு 'ஈரோ இமேஜ் கெட்டுடும்'னு பயப்படுவாரு. நீ எதுக்குப் பயப்படணும்? பணம் அவரோடதுதானடா!