பெரிய பேட்டரி புதூருக்குத் தேவையா?

கேள்வி: தினமும் விளாத்திகுளம் போய்வருகிறேன். வாரம் ஒருநாள் கோவில்பட்டியில் கடைச்சரக்கு எடுக்க வேண்டும். மின்சார ஸ்கூட்டருக்குக் கூடுதல் பணம் கொடுத்துப் பெரிய பேட்டரி எடுக்கலாமா?
- வாசகர், புதூர்

பதில்: தினமும் போகும் விளாத்திகுளம் வழி சின்ன பேட்டரி போதும் என்கிறது, வாரம் ஒருநாள் போகும் கோவில்பட்டி வழி போதாது என்கிறது. கோவில்பட்டி வழி சொல்வதைக் கேளுங்கள்.

டிவிஎஸ் ஐக்யூப் 2024-இல் 2.2, 3.4, 5.1 கிலோவாட் மணி என மூன்று அளவில் வந்தது. நிறுவனம் சொன்ன ஓட்டம் சின்னதுக்கு 75, பெரியதுக்கு 150 கிலோமீட்டர். ஆனால் பேட்டரி தேயும். எட்டாவது வருஷம் 70 சதவீதம் மிஞ்சுவதாக வைத்துக் கணக்குப் போடுங்கள்: 75 என்பது 52 ஆகும், 150 என்பது 105. விளாத்திகுளம் போய்வர 52 போதும். கோவில்பட்டிக்குப் போய்வர நூறை நெருங்கிவிடும்; போகும்போது முகத்தில் கரிசல்காட்டு ஆடிக் காற்றும், திரும்பும்போது பின்னால் அரிசி மூட்டையும் இருந்தால் ஓட்டம் இன்னும் குறையும். பொட்டல் வெயிலில் வண்டி நின்றால் ஒதுங்க வேலிக்கருவேல நிழல்தான்.

ஆகவே கோவில்பட்டி மொத்தக் கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்: "அண்ணாச்சி, ரெண்டு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கிடலாமா?" சரி என்றால் நடுத்தர பேட்டரி போதும், மிச்சப் பணத்தைச் சரக்கில் போடுங்கள். இல்லையென்றால் பெரியதை வாங்குங்கள். அது வீண்செலவே இல்லை. பெரியது என்பதால் கிலோமீட்டருக்கு ஆகும் கரண்ட் பெரிதாக அதிகமாகிவிடாது. எதை வாங்கினாலும், வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள்.