வருந்துகிறோம்

சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் பிறந்தபோதுதான் ‘தடங்கல்’ என்ற சொல்லுக்கு நிரந்தர உத்தியோகம் கிடைத்தது. அதுவரை கல்யாணப் பேச்சிலும் கும்பாபிஷேகத்திலும் வாயில் வரக்கூடாத சொல். பிறகு ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் பாட்டின் நடுவே, சரியாகச் சரணத்தில், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஓர் அட்டை வந்து நிற்கும். அந்த அட்டைக்கு மட்டும் தடங்கலே வந்ததில்லை.

இப்போது திரையில் வட்டம் சுற்றுகிறது, வருந்தக்கூட ஆளில்லை. மின்சாரம் போனால் அது ‘மாதாந்திரப் பராமரிப்பு’.

ஸ்டார்ட்அப்காரர்களோ தடங்கலையே ‘டிஸ்ரப்ஷன்’ என்று கோட்டு போட்டுச் சொல்லி முதலீடு வாங்குகிறார்கள். மின்தடைக்கு அணில்களும் காரணம் என்று 2021-இல் நம் மின்துறை அமைச்சரே சொன்னார். அந்த முதலீட்டுக் கணக்கில் அணிலுக்கு எத்தனை கோடி பாக்கியோ!