மண்டபமும் வாக்கி டாக்கியும்: ரசம் தீர்ந்த செய்தியின் பயணம் குறித்த ஓர் ஆய்வு

மூன்றாம் பந்தியில் ரசம் தீர்ந்துவிட்டது என்ற செய்தியைச் சமையற்கட்டுக்குக் கொண்டுசேர்ப்பதே தொலைத்தொடர்பியலின் தலையாய சிக்கல். செல்பேசி இதற்கு உதவாது. முகூர்த்த நாளில் மாஸ்டரின் செல்பேசி சட்டைப்பையில் இருக்கும். சட்டை ஆணியில் தொங்கும். எனவே சிறிய கல்யாண மண்டபம் நடத்துபவர் எந்த வாக்கி டாக்கியை வாங்கலாம் என ஆராயப் புகுகிறோம்.

இத்துறையில் இரண்டு பழைய மதங்கள் உண்டு. பெட்டிவாதிகள், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட கிலோமீட்டரை நம்புபவர்கள். அந்தத் தூரம் மலையுச்சிக்கு மலையுச்சி, நடுவில் ஒரு தடையும் இல்லாதபோது கிடைப்பது. மாடி மேடைக்கும் கீழ்த்தள அடுப்படிக்கும் நடுவிலுள்ள கான்கிரீட் தளம் அந்தக் கணக்கில் வராது. வாட்வாதிகளோ, 2 வாட்டை 4 ஆக்கினால் தூரமும் இரட்டிக்கும் என்பார்கள். இரட்டிக்காது. பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

உண்மையில் பார்க்க வேண்டியது அலைவரிசையை. 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய விஎச்எஃப் அலையின் நீளம் 2 மீட்டர். தோப்பும் வயலும் வைத்திருப்பவருக்கு ஏற்றது. 450-ஐ ஒட்டிய யுஎச்எஃப் அலை முக்கால் மீட்டர்கூட இல்லை. கதவிடுக்கு, சன்னல், மாடிப்படி என எதில் வேண்டுமானாலும் நுழைந்துவிடும், முதல் பந்திக்கு இடம்பிடிக்கும் ஒன்றுவிட்ட மாமாவைப் போல. மண்டபத்துக்கு யுஎச்எஃப்தான்.

இனி உரிமம். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று 2018-இல் விதி வந்தது. இலவசம் என்பதாலேயே அது எல்லோருக்கும் பொது. அடுத்த தெரு மண்டபமும் அங்கேதான் பேசும். அவர்கள் கேட்ட அப்பளம் உங்கள் பந்திக்கு வரும். ‘ரகசியக் குறியீடு இருக்கிறதே’ என்பார் கடைக்காரர். அந்தக் குறியீடு மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்குமே தவிர, உங்கள் பேச்சை மறைக்காது. பாயசத்தில் முந்திரி குறைத்த சங்கதி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

தனி அலைவரிசை வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவுக்கு, சரள் சஞ்சார் இணையதளம் வழியே விண்ணப்பிக்க வேண்டும். மண்டபம் காற்றாடும் ஆடி மாதமே இதற்கு உகந்தது. ‘செட்டை வாங்கி வைத்திருக்கிறேன், பேசவில்லையே’ என்ற வாதம் எடுபடாது; உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியாயிற்று. கையோடு டிஎம்ஆர் வகை டிஜிட்டல் கருவியாக வாங்கினால் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தையே இரண்டு நேரக் கூறுகளாக்கி, ரிப்பீட்டர் ஒன்றும் வைத்துவிட்டால், மேடைப் பேச்சையும் சமையற்கட்டுச் சண்டையையும் தனித்தனியே ஓட்டலாம்.

இக்கருவியின் சமூகவியல் தனி நூலுக்குரியது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டே தீர வேண்டும் என்பது கல்யாண வீட்டில் இதுவரை நடைமுறைக்கு வராத கொள்கை. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருவது இன்னொரு ஆபத்து. பொத்தானைச் சற்று முன்னதாக விட்டால், ‘உப்புப் போட வேண்டாம்’ என்பது ‘உப்புப் போட’ என்று போய்ச் சேரும். ஆகவே வாங்குமுன் செட்டை மாஸ்டர் கையில் கொடுத்து, இந்த ஒரு வாக்கியத்தைப் பேசவிட்டுப் பார்க்கவும்.

கெட்டிமேளத்தின்போது எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. காதில் மாட்டும் இயர்பீஸ் அவசியம். ஐபி67 தரமுள்ள கருவி 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். கொதிக்கிற ரசம் பற்றி அத்தரம் ஒன்றும் சொல்லவில்லை.