அன்று 9 பவுண்டு, இன்று 5 பவுண்டு

கொலராடோவில் எல்க் மான்களுக்கான ரைஃபிள் பருவம் அக்டோபர் நடுவில் தொடங்கும். அதைப் பற்றிய பேச்சு ஜூலையிலேயே சூடுபிடித்துவிடும். தொண்ணூறுகளில் நாங்கள் பேசியதெல்லாம் மான்கள் எந்த ஓடையோரம் இறங்கும், முதல் பனி எப்போது விழும், குதிரை வாடகைக்குக் கிடைக்குமா என்பது பற்றித்தான். இன்று பேச்சு முழுக்கத் துப்பாக்கியின் எடை. அவுன்ஸ் அவுன்ஸாகக் கணக்குப் பார்க்கிறார்கள்.

என்னை வேட்டைக்குப் பழக்கியவர் டென்வரில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், கொலராடோவிலேயே பிறந்து வளர்ந்தவர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் இந்தியாவில் வேட்டை என்பது ஏறக்குறைய குற்றம் மட்டுமே. இங்கே அது சட்டப்படி நடக்கிறது, ஆனால் கட்டுப்பாடுகள் கடுமையானவை. 1949 ஜனவரி முதல் தேதியன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறாமல் உரிமச் சீட்டு வாங்க முடியாது. சுட்ட விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் அழுக விட்டுவந்தால் தண்டனை உண்டு. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி, காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் போகிறது. இந்தப் பின்னணி தெரியாமல் துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசினால் அது வெறும் பொருள் மோகமாகத்தான் தெரியும்.

பெரியவர் எனக்குத் தேர்ந்து கொடுத்தது, வேறொருவர் கைப்பட்டு வந்த ரெமிங்டன் 700. வால்நட் மரக்கட்டை, எஃகுக் குழல், தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டா. ஸ்கோப், தோள்வார், உள்ளே நான்கு தோட்டா எல்லாம் சேர்த்து 9 பவுண்டு, நான்கு கிலோவுக்குச் சற்று மேல். “நீ வைத்த இடத்தில் அடிக்கும். அதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றார். எடை பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இலகு ரைஃபிள் அப்போது இல்லாமல் இல்லை. 1952லேயே வின்செஸ்டர் தன் மாடல் 70இல் ஃபெதர்வெயிட் என்ற வகையைக் கொண்டுவந்தது. குழலை மெலிதாக்கி, விசைக் காப்பை அலுமினியத்தில் செய்து, சுமார் ஆறரை பவுண்டுக்குக் கொண்டுவந்தார்கள். ‘அவுட்டோர் லைஃப்’ பத்திரிகையில் துப்பாக்கிகளைப் பற்றி எழுதிய ஜாக் ஓ’கானர், .270 வின்செஸ்டர் தோட்டாவோடு அத்தகைய ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு மலை ஆடுகளைத் தேடி அலைந்தவர். 1980களில் மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் மரத்தை ஒதுக்கிவிட்டு கெவ்லரும் கிராஃபைட்டும் கலந்த கட்டையில் 5 பவுண்டு அளவுக்கு ரைஃபிள் செய்தார். குழல் முழு நீளமும் கட்டையில் படிந்து உட்காரும்படி அவர் அமைத்தது இன்றும் எனக்கு வியப்புத்தான். எடை குறைந்தால் குறி தவறும் என்ற பழைய நம்பிக்கையை அது உடைத்தது. ஆனால் அந்த விலை அன்றைய என் சம்பளத்துக்கு எட்டாதது.

ஆக, கால்கள் எதையும் சுமந்த வயதில் எனக்குக் கிடைத்தது 9 பவுண்டு. முழங்கால் முனகும் இந்த வயதில், எந்தக் கடைக்குப் போனாலும் 5 பவுண்டு ரைஃபிள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கிம்பரின் மவுன்டன் அசென்ட் 5 பவுண்டுக்கும் கீழே. வெதர்பியின் பேக்கன்ட்ரி வகையில் டைட்டேனியத்தால் ஆன ஒன்று ஏறக்குறைய அதே எடை. எஃகுக் குழலை மெலிதாகக் கடைந்து அதன் மேல் கார்பன் இழை சுற்றித் தருகிறார்கள். பின்லாந்தில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ் லைட் இவற்றைவிடச் சற்றுக் கனம், ஆனால் விலை மிகக் குறைவு.

எடை குறைவது நல்லதா? நல்லதுதான், சந்தேகமே இல்லை. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டப்படி கொலராடோவின் வெமினூச்சி போன்ற வனாந்தரப் பகுதிகளில் மோட்டார் வண்டி நுழைய முடியாது. காலால் நடக்க வேண்டும், அல்லது குதிரை. மரங்கள் முடிகிற உயரம் 11,000 அடிக்கு மேல். அங்கே மூச்சு பாதிதான் நிற்கும். நாள் முழுக்கக் கையிலோ தோளிலோ இருக்கிற ஒரே பொருள் ரைஃபிள். மற்ற சுமையைக் கூடாரத்தில் இறக்கி வைக்கலாம், இதை முடியாது. மரக்கட்டை மழையில் ஊறி உப்பினால் குறி நகரும். இன்றைய செயற்கைக் கட்டைகளில் அந்தக் கவலையும் இல்லை.

ஆனால் எடையைக் குறைத்த கையோடு உதையையும் யாராலும் குறைக்க முடியாது. 9 பவுண்டு ரைஃபிளை 6 பவுண்டாக்கினால், அதே தோட்டாவின் உதை ஆற்றல் ஒன்றரை மடங்காகும். இது எந்த நிறுவனமும் மாற்ற முடியாத இயற்பியல்.

போன கோடையில் ஒரு தமிழ்ப் பையன் என்னைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போனான். நல்ல பையன், மலையேறுபவன், உடம்பு இரும்பு. 5 பவுண்டு ரைஃபிள் ஒன்றை .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கு வாங்கியிருந்தான். “அண்ணா, இதைவிட லேசாக இந்தத் தோட்டாவுக்கு எதுவும் இல்லை” என்றான். அதன் மேல் பூட்டியிருந்த ஸ்கோப், பெரிய திருகுகளோடு முக்கால் கிலோவுக்குக் குறையாது. குழலில் மிச்சம் பிடித்தது ஸ்கோப்பில் போய்விட்டது. விற்பனைத் தாளில் போடும் எடை ஸ்கோப், வார், தோட்டா எதுவும் இல்லாத வெற்று எடை என்பதை வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். சில தோட்டாக்களிலேயே அவன் விசையை அழுத்துமுன் கண்ணை மூடத் தொடங்கிவிட்டான். குழல் முனையில் பிரேக் மாட்டலாம், உதை குறையும்; ஆனால் அந்த வெடிச்சத்தம் காதுக்குக் கேடு, காட்டில் யாரும் காதை மூடிக்கொண்டு காத்திருப்பதில்லை.

இன்னொன்றையும் அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. கனமான துப்பாக்கி மணல்பையின் மேல் தானாகவே அசையாமல் கிடக்கும். லேசானது மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஆடும். விசை கடினமாக இருந்தால் இழுக்கும் விரலே குறியைத் தள்ளிவிடும். அதனால் முன்கட்டையை இறுகப் பிடிக்க வேண்டும், தோளோடு நன்றாக அணைக்க வேண்டும், விசையை மென்மையாகச் சரிசெய்துகொள்ள வேண்டும். பெரியவர் எனக்குச் சொல்லித் தராத பாடம் இது. அவர் கொடுத்த துப்பாக்கிக்கு அது தேவைப்படவில்லை. மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும், அடுத்தடுத்து சுட்டால் அடி விலகும். அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. மானுக்கு முன்னால் எண்ணிக்கையில் வருவது குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் தோட்டா மட்டுமே.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கினாலும் ஏறக்குறைய 100 கிலோ இறைச்சியை முதுகில் ஏற்றி, நடை நடையாகக் கீழே கொண்டுவர வேண்டும். ஒரு கிலோவை மிச்சம் பிடிக்க ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்தவர்களும் இந்தச் சுமைக்குத் தோள் கொடுத்தே ஆக வேண்டும். மலை கேட்பது கால் பலத்தையும் நுரையீரல் பலத்தையும். அவற்றைக் கடையில் வாங்க முடியாது.

என்னைக் கலங்கடிப்பது இதுவல்ல. வயிற்றிலோ தொடையிலோ அடிபட்டு, இரத்தத் தடம் மறைந்துபோய், எங்கோ கருங்காட்டுக்குள் நாள் கணக்கில் சாகும் மானை நினைத்தால் தூக்கம் வராது. உதைக்குப் பயந்த கை அந்த மாதிரிக் காயத்தைச் செய்யும். எடை குறைவு என்பது வேட்டைக்காரனின் வசதி. சுத்தமான ஒரே அடி, அந்த விலங்குக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன்.

இன்று என்னிடம் இருப்பது டிக்கா லைட், 7 மி.மீ.-08 தோட்டா, 350 கிராமுக்குச் சற்று மேலான சாதாரண 3-9 ஸ்கோப். எல்லாம் பூட்டினால் ஏழரை பவுண்டு. அதைவிட ஒரு பவுண்டு குறைத்திருக்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்தப் பையன் கேட்டபோது சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள், தோள் தாங்குகிறதாக; .308, 7 மி.மீ.-08, 6.5 கிரீட்மோர் இவற்றில் எதுவும் போதும், எல்க்குக்கு 6.5 எடுத்தால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாம் பூட்டிய மொத்த எடை ஏழு, ஏழரை பவுண்டுக்கு வரும்படி ரைஃபிளைப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவில் போட்டு, மேசையிலிருந்து எழுந்து வந்து, மலைச்சரிவில் உட்கார்ந்தும் மண்டியிட்டும் மூச்சு வாங்கும்போதே சுட்டுப் பழகுங்கள். பருவம் தொடங்கும் நாளில் 200 கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் முதல் தோட்டாவை வைக்க முடியாவிட்டால், அந்த ஆண்டு சுடாதீர்கள்.